பதிவறையில் பிறந்த சட்டநூல்: விக்டோரின் கொர்னேல் வ்ஷெஹர்டின் வாழ்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பிராக் கோட்டையின் பழைய அரண்மனைக்குள் இருக்கும் விளாதிஸ்லாவ் மண்டபம் சுமார் 62 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், கல்லால் ஆன விலா வளைவுகள் கொடிபோல் பின்னி மேலேறும் அதன் கூரையை எழுப்பியவர் பெனெடிக்ட் ரீட் என்ற கட்டடக் கலைஞர். கூரை கோதிக் பாணியைச் சேர்ந்தது. சாளரங்களோ இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் அமைந்தவை, அவற்றில் 1493 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே 1493-இல்தான், இன்றைய செக் குடியரசின் பகுதியான பொஹீமியாவின் நாட்டுப் பதிவேட்டு அலுவலகத்தில் க்ருதிம் ஊர்க்காரர் ஒருவர் துணை எழுத்தராகப் பொறுப்பேற்றார். அவர் பெயர் விக்டோரின் கொர்னேல். வரலாறு அவரை வ்ஷெஹர்ட் என்ற சிறப்புப் பெயரால் அறிகிறது. நான்கே ஆண்டுகள் வகித்த அந்தப் பதவியின் விளைவாக எழுந்த நூல்தான் 'பொஹீமிய நாட்டுச் சட்டங்கள் குறித்த ஒன்பது நூல்கள்'.

லத்தீனில் புலமை மிக்கவரும், பல்கலைக்கழகத்தில் லத்தீனில் பாடம் நடத்தியவருமான ஒருவர், தம் வாழ்வின் முதன்மையான நூலைச் செக் மொழியில் எழுதியது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தாய்மொழிப் பற்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது தவறில்லை, அவரே அப்படித்தான் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவர் உட்கார்ந்து வேலை செய்த அறையையும், அங்கே அவர் கையில் புரண்ட ஏடுகளையும் பார்க்காமல் அந்த விடையை மட்டும் ஏற்றுக்கொண்டால், அவர் செய்ததில் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடும்.

காலமும் ஊரும்

விக்டோரின் 1460-ஐ ஒட்டிக் கிழக்கு பொஹீமியாவின் க்ருதிம் நகரில் ஒரு நகரக் குடும்பத்தில் பிறந்தார். பிரபு வம்சமோ வாரிசு நிலமோ கிடையாது; படிப்பால் மேலே வந்தவர். பிராக் பல்கலைக்கழகத்தில் பயின்று, கலைப் புலத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் புலத் தலைவராகவும் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பழைய பெருமையின் நிழலாகத்தான் இருந்தது. சமயச் சீர்திருத்தர் யான் ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்கள் நடத்திய ஹுஸ்ஸியப் போர்களுக்குப் பின் கலைப் புலம் மட்டுமே இயங்கிக்கொண்டிருந்தது. அதுவும் கிண்ணத்தாரின் கையில் இருந்தது. நற்கருணையில் அப்பத்தோடு திராட்சை இரசக் கிண்ணமும் பொதுமக்களுக்கு உரியது என்று நின்றவர்களே கிண்ணத்தார் எனப்பட்டனர். விக்டோரினும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். இது பின்னால் முக்கியமாகிறது.

நாட்டின் அரசர் யாகெல்லோன் குலத்து இரண்டாம் விளாதிஸ்லாவ். 1471-இல் பொஹீமிய அரசரான அவர், 1490-இல் ஹங்கேரியின் முடியையும் ஏற்றுப் புடா நகருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் வீட்டில் யார் கை ஓங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பிரபுக்கள் நாட்டு நீதிமன்றத்தையும் நாட்டுச் சபையையும் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். குடியானவர்களை நிலத்தோடு பிணைக்கும் விதிகள் ஒவ்வொன்றாக இறுகின. நகரங்களுக்குச் சபையில் குரல் உண்டா என்பதே தகராறானது. சமயப் பகையை மட்டும் 1485-இல் குட்னா ஹோரா நகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு ஓரளவு அடக்கிவைத்திருந்தது. கத்தோலிக்கரும் கிண்ணத்தாரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று 31 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டனர். 1512-இல் அது நிரந்தரமாக்கப்பட்டது.

பதிவேடு என்னும் பெரும்பொருள்

விக்டோரின் பணியாற்றிய அலுவலகத்தைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய நூலைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நாட்டுப் பதிவேடுகள் 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. தொடக்கத்தில் நீதிமன்றத்தின் நினைவுக் குறிப்புகளாக இருந்து, நாளடைவில் பிரபுக்களின் சுதந்திர நிலங்கள் அனைத்துக்கும் உரிமைச் சான்றாக வளர்ந்தன. கோட்டைகளும் கிராமங்களும் ஏரிகளும் கைமாறும்போது, விற்பவரும் வாங்குபவரும் கைகொடுத்துக்கொண்டாலும், பத்திரம் எழுதி முத்திரையிட்டுக்கொண்டாலும், பதிவேட்டில் ஏறாதவரை அந்தக் கிரயம் முழுமை பெறாது. ஏறிய பிறகு அதற்கு மேலான சான்றும் கிடையாது. கிரயத்துக்கு ஒரு தொகுதி, கடனுக்கும் ஈட்டுக்கும் ஒரு தொகுதி, வழக்கின் அழைப்பாணைகளுக்கு ஒரு தொகுதி, நீதிமன்றத் தீர்ப்புகளும் சபைத் தீர்மானங்களும் அடங்கிய நினைவுத் தொகுதி ஒன்று என ஏடுகள் பிரிந்திருந்தன. கணவன் தன் மனைவிக்கு அவளுடைய வரதட்சணைக்கு ஈடாக எந்தச் சொத்தை எழுதிவைத்தான் என்பதும் அங்கேதான் இருந்தது. கணவன் இறந்தபின் கைம்பெண்ணைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றியது அந்த ஒரு பத்திதான்.

நாம் வில்லங்கம் என்று சொல்வதற்கு அங்கேயும் ஒரு வழிமுறை இருந்தது. பதிவான ஒரு கிரயத்தின்மேல் தனக்கும் உரிமை உண்டு என்று கருதுபவர் மறுப்பைப் பதியலாம். அதற்குக் காலவரம்பு உண்டு: மூன்று ஆண்டுகளும் பதினெட்டு வாரங்களும். அந்த வரம்பு கடந்துவிட்டால் கதவு சாத்தப்படும். அதன்பின் உண்மையான வாரிசே வந்து முட்டினாலும் திறக்காது. மூன்று ஆண்டு சரி, அதென்ன பதினெட்டு வாரம் என்று இன்று படிப்பவருக்கு வியப்பாக இருக்கும். அன்று அந்தப் பதினெட்டு வாரத்தை அறிந்திருந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையிலான தூரம் ஒரு கிராமத்தின் அளவாக இருந்திருக்கக்கூடும்.

இந்த ஏடுகளைப் பராமரித்த அலுவலகத்தின் உச்சியில் தலைமைக் கருவூலர், தலைமை நீதிபதி, தலைமை எழுத்தர் ஆகியோர் இருந்தனர். நாட்டின் மிகப் பெரிய குடும்பங்கள் வகித்த பதவிகள் அவை. அவர்களுக்குக் கீழே, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை என்ற கணக்கில், உண்மையில் ஏட்டைத் திறந்து மூடிய அதிகாரிகள் இருந்தனர். விக்டோரின் இருந்தது இந்த இரண்டாம் வரிசையில். யார் யாரிடம் கடன்பட்டார், எந்தப் பெரிய குடும்பத்தின் எந்தக் கோட்டை ஈட்டில் இருக்கிறது, எந்த வழக்கில் எந்தக் காலத்தில் எப்படித் தீர்ப்பானது என்பதெல்லாம் அவர் கைப்படும் தொலைவில் இருந்தன. நாட்டு நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன பிரபுக்களில் பலருக்கு இல்லாத வாய்ப்பு இது.

எழுதாத சட்டத்தால் யாருக்கு இலாபம்

பொஹீமிய நாட்டுச் சட்டம் அதுவரை பெரும்பாலும் வழக்காறாகவே இருந்தது. நீதிமன்றத்தில் அமர்ந்த பிரபுக்களும், அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த வீரகுலத்தாரும் சட்டத்தைக் 'கண்டுபிடித்து'ச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதே சட்டம். அதனால் அதை எழுதிவைப்பதில் அவர்களுக்கு ஆர்வம் இருக்கவில்லை. எழுதிவிட்டால் நாளைக்கு அதையே எடுத்துக்காட்டி ஒருவன் எதிர்த்துப் பேசுவான். பேரரசர் நான்காம் கார்ல் 14-ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டத் தொகுப்பைத் தயாரித்தபோது பிரபுக்கள் ஏற்க மறுத்தனர். 1355-இல் அவர் அதைத் திரும்பப் பெற்றார். தொகுப்பு தற்செயலாகத் தீயில் எரிந்துபோனதாக அறிவித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது அரசியலில் நல்ல உத்திதான்.

இதற்காக வ்ஷெஹர்டை, சட்டத்தைச் செக் மொழியில் எழுதிய முதல் மனிதராக்கிவிடக் கூடாது. ரோஸம்பெர்க் குடும்பத்தின் பெயரால் வழங்கும் 14-ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் செக்கிலேயே இருக்கிறது. தலைமை நீதிபதியாக இருந்த டூபா ஊர் ஓந்த்ரெய், 1400-ஐ ஒட்டி எழுதிய விளக்கமும் செக்தான். பக்கத்து மொராவியாவில் டொவாசொவ் ஊர்ப் பிரபு ஸ்டிபோர் தம் நாட்டின் வழக்காற்றைச் செக்கில் தொகுத்திருந்தார். ஆக, நீதிமன்றத்தில் வாய் திறந்தால் செக், ஏட்டில் பேனா வைத்தால் லத்தீன் என்பதுதான் நிலைமை. வ்ஷெஹர்டின் புதுமையை மொழியில் தேடுவதைவிட, அவர் அந்த மொழியைக் கொண்டு என்ன செய்தார் என்பதில் தேடுவதே பொருத்தம்.

1495

இந்த ஆய்வில் ஓர் ஆண்டைத் தனியே வட்டமிட வேண்டுமானால் அது 1495. சபையின் முடிவுப்படி அந்த ஆண்டிலிருந்து பதிவேட்டின் பதிவுகள் லத்தீனைக் கைவிட்டுச் செக்குக்கு மாறின. அப்போது துணை எழுத்தராக இருந்தவர் விக்டோரின். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக லத்தீனில் படிந்து உறைந்த வாய்பாடுகளுக்கெல்லாம் ஈடான செக் வாய்பாடு அன்றாடம் தேவைப்பட்டது. 'விற்றார்', 'ஈடு வைத்தார்', 'உரிமை விட்டுக்கொடுத்தார்' என்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் வழக்கு வரக்கூடும் என்பதால், சொல் சிறிது பிசகினாலும் சொத்து பிசகும். இந்தப் பொறுப்பின் நடுவே இருந்த ஒருவருக்கு, தாய்மொழி என்பது பாசத்துக்குரியது மட்டுமாக இருந்திருக்க முடியாது; அது அன்றாடம் கூர்தீட்ட வேண்டிய கருவியாகவும் இருந்திருக்கும்.

அதே 1495-இல்தான் யோவான் கிறிசோஸ்தோமின் ஒரு நூலை அவர் செக்கில் மொழிபெயர்த்து முடித்தார். துறவு வாழ்வைவிட்டு வழிதவறிப்போன தியோடோர் என்ற இளைஞனை மீட்க அந்தத் திருச்சபைத் தந்தை எழுதிய மடல் அது. 1501-இல் அச்சான அந்த மொழிபெயர்ப்பு இன்று நினைக்கப்படுவது மடலுக்காக அல்ல, அதன் முன்னுரைக்காக. தமக்கு நிகரான மற்றவர்களைப் போலத் தாமும் லத்தீனில் எழுத முடியும் என்றும், ஆனால் தாம் செக்கர் என்பதை அறிந்திருப்பதால் லத்தீனைக் கற்பதோடு நிறுத்திக்கொண்டு, எழுதுவதையும் பேசுவதையும் செக்கிலேயே செய்ய விரும்புவதாகவும் அவர் அதில் சொல்கிறார். செக் மொழிவழி மனிதவியத்தின் (பண்டைய கிரேக்க, லத்தீன் மூலநூல்களுக்குத் திரும்பிய மறுமலர்ச்சிக் கால அறிவியக்கத்தின்) கொள்கை அறிக்கை என்று இலக்கிய வரலாறுகள் கொண்டாடும் வாக்கியம் இதுதான்.

அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். லத்தீன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கற்பதற்கு லத்தீன், எழுதுவதற்குச் செக் என்று வேலையைப் பங்கிடுகிறார். பதிவறையில் பழைய ஏடு லத்தீன், புது ஏடு செக் என்று இருந்த ஏற்பாட்டின் மறுபதிப்பாகவே இது எனக்குத் தோன்றுகிறது. பழையதைப் படிக்கத் தெரியாதவனால் புதியதை எழுத முடியாது என்பது அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த செய்தி.

இதே காலத்தில் இதே எண்ணத்தோடு உழைத்த இன்னொருவர் ஜெலெனி ஊர் ரெஹோர் ஹ்ரூபி. மனிதவிய அறிஞர் எராஸ்மஸின் 'மடமையின் புகழ்ச்சி'யை 1513-இலேயே செக்கில் கொண்டுவந்தவர் அவர். அந்த நூல் எந்த ஐரோப்பிய மக்கள்மொழியிலும் அதற்குமுன் வந்திருக்கவில்லை. அவருடைய மகன் ஸிக்மண்ட், பாசல் நகரின் அச்சகத்தில் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பதிப்பித்துப் பெயர் பெற்றார். தகப்பனார் செக்குக்கும் மகன் லத்தீனுக்குமாக ஒரே குடும்பம் உழைத்திருக்கிறது.

முறிந்த நட்பு

லத்தீனிலேயே எழுதிய மறுதரப்பின் முகமாக நிற்பவர் ஹசிஷ்டெயின் பொஹுஸ்லாவ். லொப்கோவிட்ஸ் பெருங்குடும்பத்தவர், இத்தாலியின் பொலோஞாவிலும் ஃபெராராவிலும் படித்தவர், கிழக்கே நெடும்பயணம் போய்வந்தவர், தம் கோட்டையில் பெரும் நூலகம் சேர்த்தவர், லத்தீன் கவிதையில் அன்றைய பொஹீமியாவில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. விக்டோரினுக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. இருவரும் லத்தீனில் மடல் எழுதிக்கொண்டனர். பிரபுவும் நகரத்துக்காரரும் சமமாக அமரக்கூடிய திண்ணை அன்று லத்தீன் ஒன்றுதான்.

அந்தத் திண்ணையும் 1490-களின் நடுவில் சரிந்தது. போர்ஜியா குடும்பத்து ஆறாம் அலெக்சாண்டர் அப்போது திருத்தந்தை. அவரைப் பற்றிய விக்டோரினின் கடுமையான பார்வையைக் கத்தோலிக்கராகிவிட்ட பொஹுஸ்லாவால் பொறுக்க முடியவில்லை. சமயம் காரணமாக உறவு முறிந்தது. இதை வெறும் சமயச் சண்டை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் இருவரும் யாருக்காக எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொஹுஸ்லாவின் வாசகர்கள் பொலோஞாவிலும் புடாவிலும் இருந்தார்கள். விக்டோரினின் வாசகர் அழைப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைப் படிக்கட்டில் நின்றவர்.

ஒன்பது நூல்கள்

1497-இல் துணை எழுத்தர் பதவி அவர் கையை விட்டுப் போனது. தொடங்கியிருந்த பெருநூலை 1499-இல் முடித்தார். அழைப்பாணை எப்படி எழுதப்பட வேண்டும், யார் கையில் கொடுக்கப்பட வேண்டும், ஆண்டுக்கு நான்கு முறை கூடிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு எப்படி நடக்கும், தீர்ப்பை எப்படி நிறைவேற்றுவது, பதிவேட்டில் எதை எப்படி ஏற்றுவது, வரதட்சணை ஈடும் பாகப்பிரிவினையும் எப்படிக் கணக்கிடப்படும், அதிகாரிகளின் கடமை எது என்பதெல்லாம் அதில் உண்டு.

இன்று எந்தச் சட்டக் கையேட்டிலும் இந்த அடுக்கைப் பார்க்கலாம் என்பதால் இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். டூபா ஊர் ஓந்த்ரெயின் விளக்கம், தனக்குத் தெரிந்ததை ஒரு முதியவர் சொல்லக் கேட்பதுபோல் இருக்கும். வ்ஷெஹர்டோ ஏட்டைத் திறந்து பேசுகிறார்: பதிவேடுகளில் கண்ட பழைய தீர்ப்புகளை எடுத்துவைத்து, அவற்றிலிருந்து விதியைப் பிரித்தெடுத்து, அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று வாதாடுகிறார். மூலத்துக்குப் போ, மூலத்தைப் படி, பிறகு பேசு என்பது மனிதவியர்களின் பாடம். மற்றவர்கள் அதைக் கொண்டு பண்டைய உரோமப் பேச்சாளர் சிசரோவுக்குப் போனார்கள். இவர் பிராக் கோட்டையின் கிரயத் தொகுதிக்குப் போனார். உரோமச் சட்டத்தைத் தூக்கிவந்து நாட்டின்மேல் கவிழ்க்கவும் அவர் முயலவில்லை. பிராக்கின் வழக்காறே போதுமான நீதி என்றும், அதை மறைத்தும் திரித்தும் வைப்பதுதான் கேடு என்றும் கருதினார்.

அந்தக் கருத்தின் கூர்முனை பெரும்பிரபுக்களை நோக்கி இருந்தது. நகரங்களுக்கும் சிறிய வீரகுலத்தாருக்கும் ஆதரவான குரல் நூல் முழுவதும் கேட்கிறது. ஆனாலும் அவரைப் புரட்சிக்காரராகப் பார்ப்பதற்கு இடமில்லை. பழைய சட்டம் நல்லது, புதிதாக நுழைந்த வழக்கங்களே கெட்டவை என்பதுதான் அவருடைய அடிப்படை. பழமையை இப்படி அழகாக்கிப் பார்ப்பதில் ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பழைய சட்டமும் வலியவர்கள் வகுத்ததுதான் என்பதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்றே சொல்வேன்.

பிரபுக்களும் சும்மா இருக்கவில்லை. எழுதாத சட்டம் இனி நிற்காது என்று தெரிந்ததும் தாமே எழுத முந்திக்கொண்டனர். உஷாவா ஊர் அல்பிரெக்ட் ரெண்டல் தலைமையில் உருவான 'நாட்டுச் சட்ட ஒழுங்கு' என்ற சட்டத் தொகுப்பு 1500-இல் அச்சாகி வெளிவந்தது; அது பிரபுக்களின் பக்கம் சாய்ந்து, நகரங்களின் அரசியல் உரிமையை நெருக்கியது. வ்ஷெஹர்டின் நூல் கையெழுத்துப் படியாக நிற்க, எதிர்த்தரப்பின் நூலுக்கு அச்சு எந்திரம் கிடைத்தது. அவர் தம் நூலைப் புதிய ஒழுங்கைக் கருத்தில்கொண்டு திருத்தி, 1508-இல் அரசர் விளாதிஸ்லாவுக்குக் காணிக்கையாக்கினார். அப்போதும் அது அச்சேறவில்லை.

நகரங்களின் தகராறு 1517-இல் புனித வென்செஸ்லாஸ் பெயரால் அமைந்த உடன்படிக்கையில் ஓரளவு தணிந்தது. நகரங்கள் சபைக் குரலை மீட்டன. பிரபுக்கள் பதிலுக்குப் பீர் காய்ச்சி விற்கும் உரிமையைப் பெற்றனர். நகரங்களின் வருமானத்தில் பீர் எத்தனை பெரிய பங்கு என்பதை அறிந்தவர்களுக்கு, இது யாருக்கு இலாபமான பேரம் என்பதில் ஐயம் வராது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1520 செப்டம்பர் 21 அன்று, பிராக்கில் பரவிய கொள்ளைநோய்க்கு விக்டோரின் இரையானார்.

தீயும் படிகளும்

1541 ஜூன் 2 அன்று மாலா ஸ்ட்ரானா பகுதியில் பற்றிய தீ, மேட்டில் ஏறிக் கோட்டையைப் பிடித்தது. நாட்டுப் பதிவேடுகள் ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயின. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான கிரயமும் கடனும் ஈடும் ஒரே நாளில் சான்றற்றுப் போயின. நிலம் உடையவர்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பதிவேட்டு நகல்களைத் தூக்கிக்கொண்டு வந்து, புதிய ஏடுகளில் மறுபடியும் ஏற்ற வேண்டியதாயிற்று. நான்காம் கார்ல் சாக்காகச் சொன்ன தீ, 186 ஆண்டுகள் கழித்து உண்மையாகவே வந்து சேர்ந்தது.

ஏடுகளைத் தம் கையால் புரட்டி, அவற்றிலிருந்து தீர்ப்புகளை எடுத்தெழுதிய ஒரு துணை எழுத்தரின் நூல் மட்டும், படியெடுப்பவர்களின் கையால் வீடுவீடாகப் பரவியிருந்தது. அச்சேறாதது அதற்கு ஒருவகையில் நல்லதாகக்கூடப் போயிற்று. தேவைப்பட்டவர்கள் மட்டுமே படியெடுத்தார்கள், எடுத்ததைப் பயன்படுத்தினார்கள்.

முதல் அச்சுப் பதிப்பு 1841-இல் வந்தது. பதிப்பித்தவர் வாட்ஸ்லாவ் ஹன்கா. பழஞ்செக் காவியங்கள் கிடைத்துவிட்டன என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்து, பின்னர் போலி என்று நிறுவப்பட்ட ஏடுகளோடு பிரிக்க முடியாதபடி தம் பெயரைச் சேர்த்துக்கொண்ட அதே ஹன்கா. தேசியப் பெருமைக்காகப் பழைய ஏடுகளைத் தேடிய அந்தக் காலம், கையில் இருந்த உண்மையான ஏட்டை அச்சேற்ற இத்தனை நாள் எடுத்துக்கொண்டது. 1868-இல் பிராக்கின் செக் சட்ட மாணவர்கள் தம் சங்கத்துக்கு வ்ஷெஹர்ட் என்று பெயரிட்டனர். 1874-இல் ஹெர்மெனெகில்ட் யிரேசெக் கவனமான மறுபதிப்பை வெளியிட்டார். 1541-இல் எரிந்துபோன தொகுதிகளில் ஒரு கிரயம் எப்படிப் பதிவானது, மறுப்பு எப்படி ஏறியது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் அதைத்தான் திறக்கிறார்கள்.